மஞ்சள் கொட்டிய தொட்டி

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளி விடுமுறைக்குக் கிள்ளானிலிருந்து டெங்கிலில் இருந்த பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் லோரி ஓட்டுவதை விட்டுவிட்டு, குத்தகை நிலத்தில் வெண்டை போட்டிருந்தார். உச்சி வெயில் ஏறினால் செடிகள் துவண்டுவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீக்கம். மண்ணுக்குள் இருக்கும் நூற்புழுவின் வேலையாம். இரண்டு முறை பயிர் போய்விட்டது.

"இந்தத் தடவையும் போச்சுன்னா மறுபடியும் லோரிதான்லா," என்றார் பெரியம்மாவிடம். லோரி என்றால் வாரத்துக்கு ஒருநாள்தான் வீடு. பெரியம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

அன்று காலை ஒரு பாக்கெட் தூளை, சீனி கரைத்த தண்ணீரில் போட்டுத் தொட்டியை மூடிவைத்தார். உள்ளே இருப்பது பாக்டீரியா, நல்ல கிருமி, வேரைச் சுற்றிக் குடியிருந்து புழுவை அண்டவிடாது, சாயங்காலம் ஊற்றவேண்டும் என்றார். கிருமியில் நல்லது ஏது? கிருமி என்ற பேச்சு வந்தாலே அம்மா மஞ்சள் டப்பாவைத்தான் தேடுவார். காயத்துக்கு மஞ்சள், சளிக்கு மஞ்சள், அம்மை போட்டாலும் மஞ்சள். பாவம், பெரியப்பாவை யாரோ நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்! பெரியம்மா துணி காயப்போடப் போன நேரம் பார்த்து, அவர் சமையலறை டப்பாவிலிருந்த மஞ்சளை முழுவதும் தொட்டியில் கொட்டிக் கலக்கினேன்.

சாயங்காலம் பெரியப்பா மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டுக் கிளறிப் பார்த்தார்.

"கிருமியெல்லாம் செத்திருக்கும் பெரியப்பா!" என்றேன்.

"அப்படியாம்மா? கெட்டிக்காரிதான் நீ," என்று சொல்லிவிட்டு, கொட்டும் மழையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போனார். ஊற்றுவது மறுநாளைக்குத் தள்ளிப்போனது. ஊற்றும்போது எட்டிப் பார்த்தேன், தண்ணீரில் மஞ்சளே தெரியவில்லை. "எல்லாம் அடியில தங்கிருச்சும்மா," என்றார். நம்பிவிட்டேன்.

வெண்டை அந்த முறை தளதளவென்று வந்தது. பிடுங்கிக் காட்டிய வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "நம்ம பாப்பா போட்ட மஞ்சள்," என்று பெருமையடித்தார். நானும் கூச்சமே இல்லாமல் தலையாட்டினேன். வகுப்பில்கூடச் சொல்லி வைத்தேன்.

மழையில் நனைந்து வாங்கிவந்த இரண்டாவது பாக்கெட்டைப் பற்றிப் பெரியம்மா சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகுதான். பெரியப்பா இன்னும் வெண்டைதான் போடுகிறார், லோரிப் பக்கமே போகவில்லை.

ஆனால் அந்த மழைக்கு மறுநாள் காலையை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. நான் கண் விழித்தபோது பெரியப்பா வாளி வாளியாக மஞ்சள் தண்ணீரை வாசலில் தெளித்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டு, என் புதுப் பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.