கமலவேணி அக்காவின் பட்ஜிகளைப் பறக்கவிட்டவர்கள்

கமலவேணி அக்கா போய்விட்டார் என்று எனக்குக் கைப்பேசியில் சொன்னவர் மேரி. லுக்குட் ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அக்காவுக்கு அடுத்த வீட்டுக்காரர். ரஹாங் ஊரில் என் வீட்டு அடுப்பில் வெள்ளிக்கிழமைப் படையலுக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தது.

“பார்வதிக்கா, நம்ம வேணியக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க” என்று அழுதார். மூக்கை உறிஞ்சிவிட்டு இன்னொன்றும் சொன்னார். “இன்னும் குளிப்பாட்டக்கூட இல்லக்கா. அதுக்குள்ள ஒருத்தரு வந்து குருவிக் கூண்டு முன்னால நிக்கிறாரு. அந்த வெள்ள ஜோடி விப்பீங்களான்னு கேக்குறாரு.”

அடுப்பை அணைத்தேன். துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அருவருப்பு. அக்காவை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன் என்பதால் இதை மறைக்கவில்லை. முகத்தில் ஒன்று, மனத்தில் ஒன்று வைத்துக்கொள்ள அவருக்கும் தெரியாது.

நான் பிறந்ததும் அந்தத் தோட்டத்தில்தான். என்றாலும் அக்காவோடு நெருங்கியது பல ஆண்டுகளுக்குப் பிறகு, தோட்டத்துக் கோயில் திருவிழாவில். பால்குடம் எடுத்து முடித்து, வளையல் கடைகளின் ஓரமாக வந்துகொண்டிருந்தேன். ஒரு கடையில் பட்ஜிகளை, கூண்டில் வளர்க்கும் அந்தச் சின்னக் கிளிகளை, ரோஸ் நிறத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். “ரெயின்போ பட்ஜி, வெளிநாட்டு ஜாதி” என்று கடைக்காரன் கூவிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் மொய்த்திருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண்மணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கூண்டுக்குள் கையை விட்டார். ஒரு பறவையைப் பிடித்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு அதன் இறக்கையில் தேய்த்தார். விரல் ரோஸானது.

“தம்பி, பட்ஜியில பச்ச இருக்கு, நீலம் இருக்கு, மஞ்ச, வெள்ள, சாம்பலு எல்லாம் இருக்கு. செவப்பு கெடையாது, ரோஸும் கெடையாது. ஆண்டவன் வைக்காத கலர ஒனக்கு யாரு குடுத்தா?”

“அம்மா, வாங்குறதுன்னா வாங்குங்க. யாவாரத்தக் கெடுக்காதீங்கலா.”

“ரெயின்போன்னு ஒரு ரகம் நெசமாவே இருக்குடா. மூஞ்சி மஞ்சளா இருக்கும், ஒடம்பு நீலமா இருக்கும். அதுக்கு ஏன் இப்படிக் கண்ணெல்லாம் பூசி வெச்சிருக்க? இந்தக் கண்ண நீ பாத்தியா?”

நான் பார்த்தேன். பறவையின் கண்ணோரத்தில் சாயம் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. திறக்க முடியாமல் அது தலையைத் தலையை ஆட்டியது. அக்கா அந்த விரலைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். கூட்டம் சிரித்தது. சிரித்த கையோடு ஒரு தாய் மகளுக்கு ஒன்று வாங்கினார். “பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு, என்னா பண்றது?” என்றார். அம்மன் தேர் அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது. சாமி பார்க்கும் இடத்தில் இதைச் செய்கிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அதன்பின் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். தோட்டத்தில் களைக்கொல்லி அடித்து ஓய்ந்த கைகள் அவருடையவை. அந்த நெடியை முகர்ந்து முகர்ந்தே வாசனை விஷயத்தில் அவருக்குத் தாட்சண்யம் இல்லாமல் போனது என்று நினைக்கிறேன். எனக்கு ஒரு ஜோடி தருவதற்கு முன் என் வீட்டையே பார்க்க வந்தார். கூண்டைச் சாமி அறையில் மாட்டப்போவதாகச் சொன்னேன். நம்மில் பலர் அப்படித்தான் வைக்கிறோம், வீட்டுக்கு நல்லது என்று.

“சாம்பிராணி போடுவியா?”

“செவ்வாய், வெள்ளி போடுவேன்க்கா.”

“அப்ப குடுக்க மாட்டேன். சாமிக்குப் பொக புடிக்கும். இதோட நெஞ்சு ஒரு மொச்சக்கொட்ட பெருசுகூட இருக்காது, அது என்னா செய்யும்? சட்டி கருகுற பொகையும் ஆகாது. ஹால்ல மாட்டு. ஒம் பக்திய எதுக்கு அது மூக்குல ஏத்துற?”

என் பக்தியைப் பற்றி வேறு யாராவது அப்படிப் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கூடத்தில் ஆணி அடித்தேன்.

நிறம் பார்க்க அவரிடம்தான் கற்றேன். ஏட்டில் படித்து வந்ததில்லை எனக்கு எதுவும். மஞ்சள் உடம்பும் சிவந்த கண்ணும் இருந்தால் லுட்டினோ. வெள்ளை உடம்பும் சிவந்த கண்ணும் என்றால் அல்பினோ. இறகின் நடு வெளுத்து ஓரத்தில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் ஸ்பேங்கிள். வளர்ந்த பறவையில் அலகுக்கு மேலே மூக்குத் தோல் நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். லுட்டினோவிலும் அல்பினோவிலும் ஆணுக்குக்கூட அது நீலமாகாது, ரோஸாகவே நின்றுவிடும். அதைப் பெண் என்று நம்பி இரண்டு ஆணை ஒரே கூண்டில் போட்டுவிட்டு, முட்டைக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். “லவ் பேர்ட்ஸ்” என்று யாராவது அழைத்தால் அக்காவுக்கு முகம் சுருங்கும். “அது வேற குருவி. பேரு தெரியாத ஊட்டுக்கு எப்படிலா பொண்ணு குடுக்குறது?” என்பார். தீபாவளித் திரைச்சீலைக்குப் பொருத்தமாக நீலத்தில் ஒன்று கேட்டு வந்தவரை, துணிக் கடைக்குப் போகும்படி அனுப்பிவிட்டார்.

ஒருநாள் நான் இருக்கும்போதே ஒரு மனிதர் மோட்டார் சைக்கிளில் வந்து கூண்டைத் திண்டில் பொத்தென்று வைத்தார்.

“வேணிக்கா, ஏமாத்திட்டீங்க. நெத்தியில கோடு போட்ட குருவி குடுத்தீங்க. இப்ப மொட்டையா நிக்குது. இது அந்தக் குருவியே இல்ல.”

அக்கா அவருடைய வழுக்கைத் தலையைப் பார்த்தார். “நீ பொறந்தப்ப இருந்த முடி இப்ப இருக்கா? அப்ப நீயும் அந்த ஆளு இல்லயா?”

மேரி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரித்துவிட்டார். குஞ்சுக்கு மூக்குவரை கோடு இருக்கும், முதல் இறகு உதிர்ந்ததும் நெற்றி வெளுத்துவிடும் என்று அக்கா விளக்கினார். பிறகு தீனிக் கிண்ணத்தை எடுத்து ஊதினார். உமி பறந்தது. அடியில் ஒரு தினைகூட இல்லை. தண்ணீரில் ஒரு கரப்பான்பூச்சி ஊறிக் கிடந்தது. தட்டில் எச்சம் பூஞ்சணம் பூத்திருந்தது. 

“இது தோல உரிச்சிட்டுத் தின்னும். உமிய பாத்துட்டு கிண்ணம் நெறஞ்சிருக்குன்னு நெனச்சிட்டியா? பட்டினி போட்டுருக்க. குருவி இங்கியே இருக்கட்டும், நீ போ.”

அந்த மனிதர் வேறு குருவி கேட்டார். அக்கா கூண்டைக் கழுவப் போய்விட்டார்.

இனிப் பதினாறாம் நாளைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அக்காவின் தம்பி குணசேகரன் கோலாலம்பூரிலிருந்து வந்து எல்லாவற்றையும் நடத்தினார். நான் போனபோது கூண்டுகளை அக்காவின் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்துச் சாம்பிராணி போட்டிருந்தார்கள். பறவைகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. நானும் மேரியும் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தோம். உதவி செய்கிறோம் என்று நினைத்துக் குணசேகரன் சந்தோஷப்பட்டார்.

“ஆமா, வாசல்லயே இருக்கட்டும். அக்கா பேர்ல எல்லாத்தையும் பறக்கவிடப் போறோம். விடுதல குடுத்தா பெரிய புண்ணியம்.”

“தம்பி, இது இந்த ஊருக் குருவி இல்ல. கூண்டுலயே பொறந்தது. தீனி தேடத் தெரியாது. அங்க பாருங்க, கூரையில காக்கா உக்காந்துருக்கு.”

“காலங்காலமா செய்றதுதான? நீங்க சாமி கும்பிடறவங்க, நீங்களே இப்படிப் பேசறீங்களே.”

“கும்பிடறதாலதான் பேசறேன்.”

“கூடப் பொறந்தவன் நானா, நீங்களா?”

 கைப்பேசிகள் உயர்ந்தன. அவர் முதல் கூண்டைத் திறந்தார். ஒன்றும் வெளியே வரவில்லை. கம்பில் ஒட்டி உட்கார்ந்துகொண்டன. விடுதலை வேண்டாம் என்று அவற்றுக்கே தெரிந்திருந்தது. குணசேகரன் கூண்டின் முதுகில் அறைந்தார். பிறகு கவிழ்த்து உலுக்கினார். பறவைகள் சிதறின. ஒரு பச்சை நேராகப் போய், வாசலில் நிறுத்தியிருந்த காடியின் முன்கண்ணாடியில் மோதி விழுந்தது. அக்கா கையால் தீனி ஊட்டி வளர்த்த லுட்டினோ கூரை விளிம்பில் உட்கார்ந்தது. மஞ்சள் நிறம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. காகம் நடந்தே போய் அதைக் கொத்தியது. மஞ்சள் இறகுகள் பந்தலுக்குள் இறங்கின.

“அய்யோ பாவம்” என்றார் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர். இலையில் விழுந்த இறகை விரலால் ஒதுக்கிவிட்டுப் பாயசம் கேட்டார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. “மேரி, கேட்டத் தொற!” என்று கத்தினேன். மீதிக் கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆண்களின் நடுவே ஓடினேன். என் புடவை கம்பியில் கிழிந்தது. மேரி தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“எங்க அக்கா புண்ணியத்தத் திருடிட்டுப் போறாங்க பாரு!” என்று குணசேகரன் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

“இது புண்ணியமில்ல, கொல! ஒங்க அக்கா இருந்திருந்தா தன் கையாலயே ஒங்கள அறைஞ்சிருப்பாங்க!” என்றேன். அவ்வளவு ஆண்கள் முன்னால் நான் குரல் உயர்த்தியது அதுவே முதல் முறை.

மாலையில் பந்தல் காலியான பிறகு, கத்துகிற ஓர் ஆண் பறவையைக் கூண்டோடு வேலியோரம் வைத்தோம். தன் இனத்தின் குரல் கேட்டால் இறங்கும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். செம்பனை மரங்களிலிருந்து ஒரு நீலம் மட்டும் வந்து கூண்டின் மேல் உட்கார்ந்தது. மற்றவை வரவில்லை.

நாங்கள் காப்பாற்றியவற்றில் சிலவற்றை மேரியும் சிலவற்றை நானும் வளர்க்கிறோம். ஆனால் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது பறவைகள் அல்ல. அக்கம்பக்கத்தில் எங்கள் பேர் கெட்டுவிட்டது. துக்க வீட்டில் சண்டை போட்டவள் என்கிறார்கள். போன வாரம் கோயிலில் ஒரு பெண் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார், தன் மாமியாருக்குப் பதினாறாம் நாள் வருகிறதாம், கடையில் பட்ஜிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்களாம். நான் வருகிறேன் என்றேன். அழைப்பு வராவிட்டாலும் போவேன். கூண்டுக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பேன், கத்துவேன். என்னிடம் இருக்கிற கமலவேணி அக்கா அதுதான்.