நாயின் காலும் என் வாயும்

காலையில் எங்கள் நாய் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி வந்தது. ஏற்காட்டில் நாய்க்குக் கால் ஒடிந்தால் பெரும்பாலும் வண்டிதான் காரணம். எங்கள் வீட்டு வழியாகப் போகும் சேலம் பஸ்ஸை மறித்து, டிரைவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"கவனிக்கலீங்க, மன்னிச்சுக்கங்க" என்றார் பாவம்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரோ, "வண்டி அடிச்சிருந்தா தோல் உரிஞ்சிருக்குமுங்க. இது உசரத்துல இருந்து குதிச்சிருக்குது" என்று மாவுக்கட்டுப் போட்டார்.

அப்போதுதான் நினைவு வந்தது. காப்பிக்கொட்டை காயப்போட்ட மொட்டைமாடியில் படுத்திருந்த நாயை, கீழே நின்று சோற்றுத் தட்டைத் தட்டிக் கூப்பிட்டுவிட்டு உள்ளே போனவன் நான்.

அன்றிலிருந்து டிரைவர் தினமும் எங்கள் வீட்டு முன்னால் பஸ்ஸை நிறுத்தி, "கால் எப்படீங்க இருக்குது?" என்று கேட்டு ஒரு பன் போடுவார். நாய்க்கு எலும்பு கூடி, உடம்பும் பெருத்துவிட்டது. உண்மையைச் சொல்ல, அவர் ரிட்டயர் ஆகும்வரை எனக்குத்தான் வாய் வரவில்லை.