மொகிலி இறக்கத்தில் நான் போட்ட சிவப்பு

“தறிக்காரர் வீட்டுப் பொண்ணு, டிரைவருக்கு இன்னாமா மார்க் போடுவே?”

சித்தூர் லாரி கம்பெனியில் டிரைவர்களுக்கு மார்க் போடும் வேலைக்கு நான் சேர்ந்த அன்று டிரைவர் முனிரத்தினம் அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் படித்தவள் நான். அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டே இருந்தது.

லாரியில் இன்ஜின் அதிகமாக உறுமினால் என் கம்ப்யூட்டரில் சிவப்பு விழும். டீசல் வீணாகாமல் உடனே மேல் கியருக்கு மாற்ற வேண்டும் என்பது கம்பெனி விதி. மூன்று சிவப்பு விழுந்தால் டிரைவருக்கு வேலை போய்விடும். மொகிலி மலை இறக்கத்தில் அண்ணனுக்கு இரண்டு விழுந்தன. இரண்டையும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

“எறக்கத்துல சின்ன கியர்தான்மா வண்டியப் புடிக்கும்.”

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்ணா.”

அடுத்த நடை முழுக்கப் பச்சை. பாராட்டலாம் என்று, மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஷெட்டின் வாசலுக்கு ஓடினேன். லாரிச் சக்கரங்களில் புகை. கருகிய நாற்றம். அண்ணன் இறங்கி வந்தார்.

“நீ சொன்ன கியர்லயே வந்தேன். மிதிச்சி மிதிச்சி பிரேக் சூடேறி சரியா புடிக்கல. முன்னால ஸ்கூல் ஆட்டோ போய்க்கினு இருந்துச்சு. ஹாரன் கேட்டு ஒதுங்கிட்டான்... மார்க் வந்துச்சாமா?”

சின்ன கியர்தான் வண்டியைப் பிடிக்கும் என்று அவர் சொன்னதை ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். படித்தவள் என்ற நினைப்பு யோசிக்க விடவில்லை.

இறக்கத்துக்கு இந்த விதி ஆபத்து, அந்த இரண்டு சிவப்பும் என் தவறு என்று அன்றே தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. காத்திருக்கவும் மனம் கேட்கவில்லை. இன்று காலை மலை இறங்கவிருந்த டிரைவர்கள் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, “சின்ன கியர்லயே வாங்கண்ணா, சிவப்பு விழுந்தா நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டேன்.