சாமி விளக்கு எரியும்போது வைத்த ஜீரோ

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போயும் விடும். கூடலூர் அக்காவின் ஆட்டோ விஷயத்தில் வந்த கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம்.

தேனியில் பேட்டரி ஆட்டோ விற்கும் கடையில் நான் சர்வீஸ் பார்க்கிறேன். அந்த அக்கா எங்களிடம் ஆட்டோ வாங்கி, லோயர் கேம்ப் பிள்ளைகளைக் கூடலூர் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். அந்தச் சவாரியை நம்பித்தான் அவர் வீட்டில் உலை வைப்பது. ஒரு நாள் காலையில், டிஸ்பிளே இருபது சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. குமுளிக்குப் போகிற ரோடு. பின்னால் வந்த லாரிக்காரர் ஒடித்துத் திருப்பியதால் பிள்ளைகள் பிழைத்தார்கள். மறுநாளே பெற்றவர்கள் சவாரியை நிறுத்திவிட்டார்கள்.

வண்டியைச் சரக்கு வேனில் ஏற்றிக்கொண்டு அக்கா எங்கள் கடைக்கு வந்தார்.

"ஏம்மா, சார்ஜ் போடாம ஓட்டிப்புட்டு வண்டியக் குத்தம் சொல்றியா?" என்றார் முதலாளி.

"இருவது காட்டுச்சுண்ணே. கண்ணால பாத்தேன்."

"பதட்டத்துல சரியாப் பாத்திருக்க மாட்ட."

சோபாவில் இரண்டு புது வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழ வேண்டும் என்றே பேசினார். அக்கா முகம் சுண்டிப்போனது. ஒரு பொம்பளை வண்டி ஓட்டினால், என்ன நடந்தாலும் குற்றம் அவள் தலையில்தான் என்று எவன் எழுதி வைத்தான்?

பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்று ஒரு போர்டு இருக்கிறது. எவ்வளவு கரண்ட் உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்று கணக்குப் பார்த்து மிச்சத்தைச் சொல்வது அதன் வேலை. கணக்குச் சரியாக இருக்க வேண்டுமென்றால், ஒரு சொட்டுக் கரண்ட் கூட ஓடாத நேரத்தில் 'இதுதான் ஜீரோ' என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். தராசில் எதையோ வைத்துவிட்டு முள்ளைச் சரி செய்தால் அப்புறம் நிறுப்பதெல்லாம் தப்புத்தான்.

நான் கொஞ்சம் சார்ஜ் ஏற்றி, சாவியை எடுத்துவிட்டு, ஒயரைக் கவ்விக் கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரைப் பேட்டரி ஒயரில் மாட்டிப் பார்த்தேன். மீட்டரில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. பி.எம்.எஸ்.ஸோ ஜீரோ என்று சாதித்தது. வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். சாமி படத்துக்கு முன்னால் குட்டி விளக்கும் அதைச் சுற்றிச் சீரியல் பல்பும் ஜோராக எரிந்துகொண்டிருந்தன.

அது எங்கள் கடை வழக்கம். வண்டி கொடுக்கிற அன்று பூமாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, இந்த விளக்கை நேராகப் பேட்டரியிலேயே கொடுத்துவிடுவோம். "என்னைக்கும் அணையக் கூடாது" என்று முதலாளியே சொல்லி ஏற்றிவைப்பார்.

போன மாதம் சர்வீஸுக்கு வந்தபோது இந்த வண்டிக்கு ஜீரோ வைத்தவர் என்னைவிட மூத்த மெக்கானிக். போய்க் கேட்டேன்.

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணித்தானேண்ணே வச்சீக?"

"வெளக்கத் தவிர எல்லாம் ஆஃப்தாம்மா. சாமி வெளக்க எப்படி அணைக்க? மொதலாளி வைவாகள்ல."

விளக்கு தின்கிற கரண்டையே ஜீரோ என்று போர்டுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து ராவும் பகலும் விளக்கு தின்றது கணக்கிலேயே ஏறவில்லை. முழுசாகச் சார்ஜ் ஏறினால் கணக்கு தானே நேராகிவிடும். சவாரிக்கு நடுவில் அரைகுறையாக ஏற்றுகிற அக்காவுக்கு அதற்கும் வழியில்லை. இல்லாத இருபதை இருக்கிறது என்று காட்டி, பிள்ளைகளோடு அவரை அந்த ரோட்டுக்கு அனுப்பியது நாங்கள்.

விளக்கைக் கழற்றினேன். மறுபடி ஜீரோ வைத்து, முழுசாகச் சார்ஜ் ஏற்றி, ஓட்டி, மீட்டரோடு ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. முதலாளியிடம் சொன்னேன்.

"சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சுன்னு சொல்லி அனுப்பு" என்றார். "வெளக்கால நின்னுச்சுன்னா ஊரே சிரிக்கும்."

ஊர் சிரிப்பதுதான் அவருக்குக் கவலை. அக்காவைக் கூப்பிட்டு, முதலாளி முன்னாலேயே நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா சத்தம் போடவில்லை.

"அணைக்கவா அக்கான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே அணைச்சிருப்பேன். சாமியா கோவிச்சுக்கப் போகுது?" என்றார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். "அண்ணே, இத அந்தப் பிள்ளைகளோட ஆத்தாமாருககிட்ட வந்து சொல்லுங்க."

முதலாளி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

நான் போனேன், அக்காவின் ஆட்டோவிலேயே. லோயர் கேம்ப்பில், அன்று வண்டியில் இருந்த ஒரு பையனின் வீட்டு வாசலில் நின்று, தப்பு எங்கள் கடையுடையது, இவர் மேல் ஒன்றுமில்லை என்று சொன்னேன். அந்த அம்மா பாதியில் குறுக்கிடாமல் கேட்டார். அக்காவின் கையைக்கூடப் பிடித்துக்கொண்டார்.

"உம்மேல தப்பில்லன்னு வெளங்குதுக்கா. ஆனா எம்மகன் ஆட்டோன்னாலே அழுகுறான். லாரி ஆரன் கேட்டாக் காதப் பொத்திக்கிறான். அவங்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து பையன் எட்டிப் பார்த்தான். தினமும் காலையில் அவனைத் தூக்கி உட்கார வைத்தவர் அக்கா. "வாய்யா" என்று கை நீட்டினார். அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.