நாக்கைத் தூக்கச் சொல்லாத மூன்று மாதம்

என் தங்கை மகளைத் தெருவில் மாத்திரைக்காரி என்பார்கள். காசநோய்க்காரர்கள் வீட்டுக்குக் காலையில் போய், கண்ணெதிரே மாத்திரையை விழுங்கவைத்துக் கார்டில் குறி போடுவது அவள் வேலை. விழுங்கினால் மட்டும் விடமாட்டாள். “நாக்கைத் தூக்குங்க” என்பாள். நாக்கடியில் ஒதுக்கிவைத்து அப்புறம் துப்புகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள். பதினெட்டு வருஷத்தில் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

என் தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டினான். அவளுக்குத் தாய்மாமன். அவள் அப்பா போனபிறகு படிக்கவைத்ததும் அவன்தான். அவனுக்கே அந்த நோய் வந்தது. காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டான். இனி தொற்றாது என்று டாக்டர் சொன்னதும் வண்டியை எடுத்தான், மாத்திரையை விடக்கூடாது என்ற கண்டிப்போடு.

வளர்த்த மாமனிடம் வாயைத் திறந்து காட்டு என்று எப்படிச் சொல்வது? வாரத்துக்கான மாத்திரையை மேசையில் வைப்பாள், என் தம்பி மனைவி தரும் டீயைக் குடிப்பாள், ஏழு குறியையும் ஒன்றாகப் போட்டுவிட்டு வருவாள்.

மூன்று மாதம் கழித்து இருமல் திரும்பியது. அந்த மாத்திரை உள்ளே போனால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அவள் என் தம்பி மனைவியிடம் அதைக் கேட்டாள்.

“அது மொத மாசத்தோட நின்னுபோச்சே. டாய்லெட் கழுவுறது நான்தானே, எனக்குத் தெரியாதா? நல்லாயிட்டார்னு நெனச்சேன்.”

நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

“வயித்தப் பொரட்டுது. வண்டி ஓட்டுறதா, வாந்தி எடுக்குறதா?” என்றான் தம்பி. “என் உடம்பு, நான் பாத்துக்கறேன்.”

“உடம்பு உங்களுதுதான் மாமா. பதினாலு புள்ளைங்க ஜன்னலச் சாத்திக்கிட்டு உங்க பின்னாடி உக்காந்து வருதே, அதுங்கள யாரு கேட்டா?”

“வெளிய தெரிஞ்சா வண்டி போச்சு. என்னைக் கேக்காம என் பேரச் சொல்லக்கூடாதுன்னு உங்க ஆபீஸ் செவுத்துலயே ஒட்டியிருக்கு.”

“ஒட்டினதே நான்தான்,” என்றாள்.

“அக்கா, நீ சொல்லு இவகிட்ட.”

நான் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பழைய கோபதாபம் எல்லாவற்றிலும் நடுவே நின்று பேசியவள் நான்.

“நாளைக்கு நீங்களே லீவு சொல்லிடுங்க,” என்றாள். “இல்லன்னா நான் எழுதிக் குடுப்பேன். பாக்காம போட்ட குறியையும் சேத்துத்தான்.”

மறுநாள் ஏழு மணிக்கு வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் நேரே ஆபீசுக்குப் போனாள்.

பிள்ளைகள் எல்லோருக்கும் பரிசோதனை நடந்தது. இரண்டு பேர் மாத்திரை சாப்பிடவேண்டும் என்றார்கள். வேன் வேறு ஆள் கைக்குப் போனது. அவளுக்கு மெமோ வந்தது.

இப்போது தினமும் ஆறு மணிக்கு மாமன் வீட்டுக்குப் போகிறாள். டீ கிடையாது, பேச்சும் கிடையாது. அவன் விழுங்குகிறான், அவள் கேட்பதற்கு முன்பே நாக்கைத் தூக்குகிறான். பார்த்துவிட்டுக் குறி போடுகிறாள். பிறகு அந்த இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கும் போகவேண்டும். ஒன்று மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.