துவைத்திருக்கக் கூடாத சேலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் ரங்கூனுக்குக் கப்பலேறியபோது என் மனைவி வள்ளி, தான் கட்டிப் பழசான சேலை ஒன்றைப் போர்த்திக்கொள்ளக் கொடுத்தாள். அங்கே போட்டாதாங் கப்பல்துறையில் நாளெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு வந்து அதைப் போர்த்தினால் உடனே கண் சொக்கும். ஏனென்று நான் யோசித்ததே இல்லை, மடையன்.

பக்கத்து அறையில், கப்பலில் கரி அள்ளும், சிரியா நாட்டு அலெப்போ ஊர்க்காரர் ஒருவர் காய்ச்சலில் கிடந்தார். பாய் என்றுதான் கூப்பிடுவேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். எழுந்து நடமாடியதும், தன்னிடமிருந்த ஒரே சோப்பை இரண்டாக அறுத்துப் பாதியை என் கையில் வைத்தார். ஆலிவ் எண்ணெயும் லாரல் மரத்துக் காய் எண்ணெயும் காய்ச்சி அவர் ஊரில் கையாலேயே செய்வதாம். மேலே மண் நிறம், உள்ளே பச்சை.

இவ்வளவு ஒசத்தியான சோப்பை என் உடம்புக்கா போடுவேன்? வள்ளியின் சேலையை நுரைக்க நுரைக்கத் துவைத்துக் கொடியில் போட்டேன்.

பாய் வந்து அதை முகர்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"எங்க வீட்டு முற்றம் மாதிரியே இருக்கு," என்றார் அரைகுறை இந்துஸ்தானியில். "யார் சேலை?"

"என் சம்சாரத்தோடது பாய். ஊர்லேருந்து வந்த பிறகு இன்னிக்குத்தான் துவைச்சேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் துவைச்சே? நான் அந்தச் சோப்பை ஒரு நாளும் போட்டுக் குளிச்சதில்லையே. முகர்ந்து பார்க்கத்தான் வச்சிருக்கேன்."

ஓடிப்போய் ஈரச் சேலையில் முகத்தைப் புதைத்தேன். மஞ்சள் இல்லை, அடுப்புப் புகை இல்லை, அவள் தலைக்குத் தடவும் எண்ணெய் இல்லை. நான் பார்த்தே இராத அலெப்போதான் இருந்தது.

கடல் தாண்டிய நாளில்கூட வள்ளி எனக்கு அவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை.