பிளாப்பிக்கு வைத்த பொட்டு

என் தம்பிக்குப் பக்கவாதம் வந்த ஐந்தாவது மாதத்தில் அவனுடைய வலது கைக் கட்டைவிரல் அசைய ஆரம்பித்தது. அசைய வைத்தது டிவியில் ஓடும் ஒரு பழைய வீடியோ கேம். அந்த கேமைக் கெடுத்தவன் நான். சுவாமி சந்நிதியில் நின்று இதைப் பலமுறை சொல்லிவிட்டேன். சொல்லியும் பாரம் இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய சந்தில் பூஜைச் சாமான் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நான், என் மனைவி, தம்பி, மூன்று பேர்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் டிவி மெக்கானிக். கை வேகம், கையை விட வாய் வேகம். கடைக்கு வருகிறவர்களிடம், "எங்க அண்ணன் சாமிக்கு சூடம் விக்கிறாரு, நான் ஆசாமிக்கு சீரியல் காட்டறேன். புண்ணியம் யாருக்கு ஜாஸ்தின்னு நீங்களே சொல்லுங்க" என்பான்.

சித்திரையில் ஒரு காலை, ஒயர் பற்ற வைத்துக்கொண்டிருந்தபோது சால்டரிங் அயர்ன் அவன் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். வலது கையும் பேச்சும் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவனுக்குப் புரியும். சிரிக்க வேண்டிய இடத்தில் பாதி முகத்தால் சிரிப்பான். பதில் மட்டும் வராது.

அடையாறிலிருந்து ஒரு பிசியோதெரபி பெண் வாரம் மூன்று நாள் வந்தாள். பிசைவதற்கு ரப்பர் பந்து கொடுத்தாள். அவன் இடது கையால் அதை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்துவிட்டான். "அம்பது வயசு ஆளுக்குப் பந்து குடுத்தா எறியாம இன்னா பண்ணுவாரு" என்றாள் என் மனைவி. அந்தப் பெண் கோபப்படவில்லை. என்னைத் தனியாக அழைத்து, "முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம் சார். வர்றது பெரும்பாலும் அதுக்குள்ளதான் வரும். அவருக்குப் பிடிச்ச ஏதாவது ஒண்ணுல கையைப் பழக்குங்க" என்றாள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தினமும் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, அவன் நெற்றியில் விபூதி இட்டு, காதருகே ஐந்தெழுத்தைச் சொல்லி, "சொல்லுடா, சிவான்னு ஒரு வார்த்தை சொல்லு" என்று கெஞ்சுவேன். அவன் சுவரைப் பார்ப்பான்.

ஆடி மாதம் பரண் சுத்தம் செய்யும்போது என் மனைவி ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினாள். உள்ளே தட்டெழுத்து மெஷின் மாதிரி ஒரு பெட்டி, பிடித்து ஆட்டுகிற ஒரு குச்சி, சதுரமான ஒரு பிளாப்பி. தம்பிக்கு இருபது வயதிருக்கும்போது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, திரும்பி வராமலே போன சாமான். அவன் அதைச் சரிசெய்து சில வருஷம் பைத்தியமாக ஆடினான். பிறகு மறந்தான்.

பெட்டியைப் பார்த்ததும் அவன் இடது கை எழுந்தது. அவன் விரல் காட்டக் காட்ட என் மனைவி ஒயர்களைச் சொருகினாள். "இதுவா? இதுக்குப் பக்கத்து ஓட்டையா? கையை நேராக் காட்டுங்க தம்பி, நான் இன்னா இன்ஜினீயரா?" என்றாள். டிவியில் படம் வந்தது.

அது வருங்காலத்தில் நடக்கிற ஒரு விளையாட்டு. இரும்புத் தரை, இரும்புச் சுவர், தலை முதல் கால் வரை கவசம் போட்ட ஆட்கள். பக்கத்துக்கு ஒன்பது பேர். இரும்புக் குண்டு ஒன்றை எதிர் அணியின் துவாரத்தில் எறிய வேண்டும். அதற்காக யாரை வேண்டுமானாலும் இடித்துத் தள்ளலாம். தப்பாட்டம் என்று ஒன்று கிடையாது. விழுந்தவன் எழாவிட்டால் ஒரு தள்ளுவண்டி தானாக வந்து அள்ளிக்கொண்டு போகும். கூட்டம் அதற்கும் கைதட்டும். அது நடப்பதாகப் போட்டிருந்த வருஷம் அந்தக் காலத்தில் எங்களுக்கு எட்டாத தூரம். இப்போது அதைத் தாண்டி வந்துவிட்டோம். எங்கள் சந்தில் மழை பெய்தால் இன்னும் முழங்கால் தண்ணீர்தான்.

விளக்கு வைக்கும் வீட்டில் இது ஓடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவன் முகத்தில் ரத்தம் ஓடியது. குச்சியை இடது கையால் ஆட்டினான். குண்டை எறிவதற்கு அதில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதன் மேல் வலது கட்டைவிரலைத் தூக்கி வைத்துக்கொண்டான். விரல் அழுத்தவில்லை. எல்லா ஆட்டத்திலும் தோற்றான். தினமும் நாலு மணிக்கு உட்கார்ந்து தோற்றான். அணிக்கு ஆங்கில எழுத்தில் மாட வீதி என்று பழைய நாளிலேயே பெயர் வைத்திருந்தான். எந்த ஆளுக்கு எவ்வளவு பலம் ஏற்றியிருக்கிறான் என்பதெல்லாம் அந்தப் பிளாப்பியிலேயே பதிந்திருந்தது. இத்தனை வருஷம் பரணில் கிடந்தும் அழியவில்லை.

ஆவணியில் ஒரு நாள் கடையில் விபூதி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து என் மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, சீக்கிரம் வாங்க. விரலு அமுக்குது."

ஓடினேன். அவன் கட்டைவிரல் மெல்லத் தாழ்ந்தது. பொத்தான் டிக்கென்றது. திரையில் ஒருவன் எதிரியை மோதிச் சாய்த்தான். அப்போது என் தம்பி வாயைத் திறந்து, "அடி" என்றான்.

நாலரை மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. நான் அழுதுவிட்டேன். என் மனைவியும் அழுதாள், அழுதுகொண்டே கேலியும் செய்தாள். "நீங்க சிவா சிவான்னு காதுல ஊதினீங்க, அவரு ரவுடி மாதிரி அடின்றாரு பாருங்க."

"அடின்னா சாமி திருவடியும்தான்" என்றேன்.

"ஆமா, அந்த இரும்பு சட்டைக்காரனுக்குத் திருவடி வேற."

ஆனால் எனக்கு அது சும்மா சொன்ன சமாதானம் இல்லை. மனசார நம்பினேன். அவன் என்ன நினைத்துச் சொன்னாலும், சுவாமி தன் பாதத்தின் பெயரைத்தான் அவன் நாக்கில் முதலில் வைத்தார் என்று கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னான். காபி வேண்டுமென்றாலும் அடி, ஃபேன் போட வேண்டுமென்றாலும் அடி. குரல் ஏறி இறங்குவதை வைத்து என் மனைவி சரியாகக் கண்டுபிடித்துவிடுவாள். எனக்கு அது வரவில்லை. எனக்கு எல்லாமே திருவடியாகத்தான் கேட்டது.

பிசியோ பெண் அவன் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "விட்டுடாதீங்க சார். இதைப் பிடிச்சுக்கிட்டே மத்த விரலும் வரும்" என்றாள். புரட்டாசியில் ஆள்காட்டி விரலும் லேசாகத் துடித்தது. மாட வீதி அணி ஜெயிக்கவும் தொடங்கியது.

ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் நானே சந்தனக் கட்டையில் அரைப்பேன். கடையில் விற்கிற வில்லைச் சந்தனத்தை வீட்டுப் பூஜைக்குத் தொடமாட்டேன். தராசு, அரிவாள்மணை, ஸ்கூட்டர், தம்பியின் ஸ்குரூ டிரைவர்கள், சால்டரிங் அயர்ன், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். என் தம்பியை எங்களுக்குத் திருப்பித் தருகிற ஆயுதம் எது என்று யோசித்தேன். அந்தப் பெட்டியையும் குச்சியையும் பிளாப்பியையும் எடுத்துவந்து பலகையில் வைத்தேன்.

பிளாப்பியின் ஒரு ஓரத்தில் சின்னத் தகர மூடி இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளே பழுப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு கண் தெரியும். மேல் உறைக்கு வைத்தால் உறைக்குத்தானே போகும், உள்ளே இருக்கிற உயிருக்கு அல்லவா வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மூடியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த தம்பி, "அடி" என்றான்.

நிமிர்ந்து பார்த்தேன். அவன் இடது கையைத் தூக்கி, கண்களை அகல விரித்து, "அடி, அடி" என்றான். இப்படி ஒருநாளும் சொன்னதில்லை. என் மனைவி சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பூஜையில் அம்பாள் படத்துக்கு முன்னால் என் தம்பி திருவடி திருவடி என்கிறான். அந்தச் சந்தோஷத்தில் பிளாப்பியின் இரண்டு பக்கமும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, தீர்த்தம் தெளித்தேன். பிறகு அவனிடம் போனேன். அவன் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். தனக்கும் கேட்கிறான் என்று நினைத்து அவன் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தேன். அவன் கையை இறக்கிவிட்டான்.

பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. நாலு மணிக்கு அவன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னிக்கு அதுக்கும் லீவுடா" என்றேன்.

மறுநாள் விஜயதசமி. குளித்து, தீபாராதனை காட்டி, நல்ல நேரம் பார்த்துப் பிளாப்பியைச் சொருகினேன். பெட்டிக்குள் சிரட்டையைச் சுரண்டுவது போல ஒரு சத்தம் வந்தது. திரை நீலமாக நின்றது. எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அதே சத்தம். என் மனைவி பிளாப்பியை வாங்கி மூடியைத் தள்ளிப் பார்த்தாள். குங்குமம் வட்டமாகக் கோடு கிழித்திருந்தது.

"உள்ளயா வச்சீங்க?"

"ஆமா."

"தம்பி பாக்கலையா? ஒண்ணும் சொல்லலையா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் சொன்னான். வேண்டாம் என்று சொல்வதற்கு அவனிடம் வேறு வார்த்தை இல்லை. இருந்த ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று தடவை சொன்னான்.

தம்பியைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ரிச்சி தெருவில் ஒரு மாடியில் பழைய சாமான் பழுது பார்க்கும் பாய் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் பிளாப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது டேப்பு மாதிரி அண்ணே. தூசு பட்டாலே போய்டும். நீங்க சந்தனமே பூசிகீறீங்க."

"ஆயுத பூஜை பாய்."

"புரியுதுண்ணே. பக்கத்துக் கடைக்காரரு எங்க கடைக்கும்தான் வருஷா வருஷம் பொட்டு வைக்கிறாரு. ஷட்டருக்கு வைப்பாரு, மெஷினைத் தொறந்து வைக்க மாட்டாரு." சிரிக்காமல்தான் சொன்னார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அரை மணி நேரம் துடைத்தார். பிறகு கையை விரித்தார். "கோடு வுழுந்துட்ச்சு. இன்னும் தொடச்சா மிச்சம் இருக்கறதும் வந்துடும்."

அவரே வேளச்சேரியில் பழைய கேம் சேர்த்து வைக்கும் ஒருவரைச் சொன்னார். ஐ.டி. வேலைக்காரர். வீட்டில் ஒரு அறை முழுக்க இப்படிப்பட்ட பெட்டிகள். அவர் மரியாதையாக உட்காரவைத்து, அதே கேமை வேறொரு பிளாப்பியில் ஏற்றிக் கொடுத்தார். "கேம் அப்படியே ஓடும் அங்கிள். ஆனா அவர் வளத்து வச்ச டீம் இதுல இருக்காது. அது அந்த டிஸ்க்கோட போச்சு."

அதை எடுத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். சொருகினேன். படம் வந்தது. மாட வீதி இல்லை. ஏதோ ஒரு பெயரில் பலமே இல்லாத ஒன்பது பேர் நின்றார்கள். குச்சியைத் தம்பியின் மடியில் வைத்தேன். அவன் பார்த்தான். இடது கையால் மெல்ல அதைத் தள்ளி என் பக்கம் வைத்தான். கோபமாக எறிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"தம்பி, தப்புப் பண்ணிட்டேன்டா. திட்டுடா என்னை. அந்த ஒரு வார்த்தையில திட்டு" என்றேன்.

அன்று முதல் அவன் அந்த வார்த்தையையும் சொல்வதில்லை. காபி வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுகிறான்.

ஆறு மாதம் முடிந்துவிட்டது. பிசியோ பெண், "ஆறு மாசம்னா கதவு அடைச்சிடும்னு அர்த்தமில்ல சார்" என்கிறாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. கட்டைவிரல் மறுபடி உள்ளே மடங்கிக்கொள்கிறது. காலையில் நான் அதை நீவி நிமிர்த்துகிறேன், மாலைக்குள் மடங்கிவிடுகிறது. சந்நிதியில் நிற்கும்போது முன்பு நிறைய கேட்பேன். இப்போது என்ன கேட்பது என்று தெரியவில்லை. உனக்குச் செய்த பூஜைதானே என்று கேட்க நாக்கு நுனி வரை வரும், அடக்கிக்கொள்வேன்.

நாலு மணிக்குக் கடையை என் மனைவியிடம் விட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்காருகிறேன். குச்சியை நான் ஆட்டுகிறேன். அவன் வலது கையை எடுத்து அதன் மேல் வைத்து, அவன் கட்டைவிரலைப் பொத்தானில் வைத்து, அதன் மேல் என் கட்டைவிரலை வைத்துக்கொள்கிறேன். எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள், வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகிறது. அவன் திரையைப் பார்க்கிறானா, அதற்குப் பின்னால் சுவரைப் பார்க்கிறானா என்று தெரிவதில்லை.

போன வெள்ளிக்கிழமை குண்டு எங்கள் ஆள் கையில் வந்து நின்றது. நான் பராக்காக இருந்துவிட்டேன். பொத்தான் டிக்கென்றது. குண்டு பறந்து சுவரில் மோதித் திரும்பியது. நான் அழுத்தியதாக ஞாபகம் இல்லை. அழுத்தியிருக்கவும் கூடும். என் விரல் அவன் விரல் மேலேதானே இருந்தது.

"நீயாடா?" என்று கேட்டேன்.

அவன் திரும்பவில்லை. அடுத்த ஆட்டத்துக்குச் சங்கு ஊதியது. நான் என் விரலை எடுக்காமல், அழுத்தாமல், சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.